ஆர்.சி. புத்தகத்தில் என் பெயர்

என் கல்யாணத்துக்கு அப்பா கொடுத்தவற்றில் ஒரு மாருதி 800 காரும் உண்டு. அருமனையில் ரோட்டோரம் கிடந்த ரப்பர் விளையில் ஒரு துண்டை விற்று வாங்கியது. ஆர்.சி. புத்தகத்தில் என் பெயர். சாவி கணவரின் சட்டைப்பையில். பதினோரு வருடம் அதில் இடப்பக்கம் உட்கார்ந்தே போனேன். ஒருமுறை ஓட்டப் பழக ஆசைப்பட்டுக் கேட்டபோது மாமியார் சொன்னார்: “ஒனக்க பேருல தானே மக்களே வண்டி கெடக்கு, பின்ன நீ என்னத்துக்கு ஓட்டணும்?”

அவர் கேலியாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே அவருக்குப் புரியவில்லை. பெயர் இருக்கிறது, பிறகென்ன?

கார் பந்தயத்தில் பெண்களைப் பற்றி வரும் செய்திகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்விதான் நினைவுக்கு வருகிறது. அந்தச் செய்திகளில் திரும்பத் திரும்ப வரும் சொல் ‘முதல் பெண்’. பிரிட்டனின் ஜேமி சாட்விக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1998இல் பிறந்தவர். 2015இல், பதினேழு வயதில், பிரிட்டிஷ் ஜிடி தொடரின் ஜிடி4 பிரிவுப் பட்டத்தை வென்ற முதல் பெண். 2018இல் பிரிட்டிஷ் ஃபார்முலா 3 பந்தயம் ஒன்றை வென்ற முதல் பெண். அடுத்த வருடம் எம்.ஆர்.எஃப். சேலஞ்ச் தொடரின் சாம்பியனான முதல் பெண். அந்தக் கடைசிப் பட்டம் உறுதியானது நம் மாநிலத்தில்தான், ஶ்ரீபெரும்புதூர் பக்கத்தில் இருக்கும் இருங்காட்டுக்கோட்டை ஓடுதளத்தில், 2019 பிப்ரவரியில். நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கும் ரொம்பப் பிந்தித்தான் தெரிந்தது.

‘முதல் பெண்’ என்பதும் ‘முதலிடம்’ என்பதும் ஒன்றல்ல. முதலிடம் என்றால் பின்னால் ஆண்கள் வந்தார்கள் என்று அர்த்தம். சாட்விக் ஜெயித்த தொடர்களில் அவருக்குப் பின்னால் வந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள்தான். ஆனால் ‘முதல் பெண்’ என்று எழுதியதும் அந்த ஆண்கள் தோற்றது செய்தியிலிருந்து மறைந்துவிடுகிறது. அவர் யாரையும் முந்தவில்லை, ஏதோ காலியாகக் கிடந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார் என்பது போல ஆகிவிடுகிறது.

2019இல் பெண்களுக்கு மட்டுமான டபிள்யூ சீரிஸ் தொடங்கியது. ஓட்டுநர் பணம் கட்ட வேண்டாம்; எல்லாருக்கும் ஒரே மாதிரி கார்; சாம்பியனுக்கு 5 லட்சம் டாலர். 2019, 2021, 2022 என மூன்று பட்டங்களும் சாட்விக்குக்கே (2020இல் கொரோனாவால் தொடர் நடக்கவில்லை). பணம் தீர்ந்துபோய் 2022இல் தொடர் பாதியில் நின்றது, 2023இல் நிறுவனமே மூழ்கியது. மூன்று முறை சாம்பியனானவருக்கு ஃபார்முலா 3இல் ஒரு இருக்கை கிடைக்கவில்லை.

திறமை போதவில்லை என்பார்கள். 2020இல் ஆண்களோடு சேர்ந்து ஓட்டிய ஃபார்முலா ரீஜனல் ஐரோப்பியத் தொடரில் அவர் முன்வரிசைக்கு வரவில்லை. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் நடுவரிசையில் முடிக்கும் பையன்கள் அடுத்த வருடமும் ஓட்டுகிறார்கள், அதற்கடுத்த வருடமும் ஓட்டுகிறார்கள். லான்ஸ் ஸ்ட்ரோல் ஃபார்முலா 1இல் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே, 2018இல், அவர் அப்பா தலைமையிலான குழு ஃபோர்ஸ் இந்தியா அணியையே வாங்கியது. மறு வருடம் மகன் அந்த அணியில். இங்கேயும் அப்படித்தான். கோயம்புத்தூர் நாராயண் கார்த்திகேயன் 2005இலும், சென்னை கருண் சந்தோக் 2010இலும் ஃபார்முலா 1க்குப் போனார்கள். இருவரின் அப்பாக்களும் ராலி ஓட்டியவர்கள். இரண்டு பேரும் திறமைசாலிகள்தான். ஆனால் ஆண் விஷயத்தில் அப்பாவைப் ‘பாரம்பரியம்’ என்று எழுதுகிறோம். சென்னையில் கார்ட், ஃபார்முலா கார், பைக் என்று எல்லாவற்றிலும் பந்தயம் ஓட்டிய அலிஷா அப்துல்லாவின் அப்பா ஆர்.ஏ. அப்துல்லாவும் தேசிய பைக் சாம்பியன். ஆனால் அலிஷா பற்றிய கட்டுரைகளில் அப்பா வருவது ‘ஊக்கம் தந்தவர்’ ஆக, ‘அனுமதித்தவர்’ ஆக. மகனுக்குச் சொத்தாகச் சேர்வது மகளுக்குச் சலுகையாக மாறிவிடுகிறது.

என் அப்பாவும் மகளுக்காகக் கார் வாங்கப் பணம் செலவழித்தவர்தான். இருக்கை இன்னொருவருக்குப் போயிற்று. எங்கள் ஊரிலும் எல்லை தாண்டிக் கேரளத்திலும் இது புதிதில்லை. 2021இல் கொல்லம் மாவட்டத்தில் இறந்துபோன இளம்பெண்ணுக்கும் அப்பா கார் கொடுத்திருந்தார். கணவனுக்கு அந்தக் கார் பிடிக்கவில்லை. கணவனுக்கு வேலை மோட்டார் வாகனத் துறையில்! 2022இல் நீதிமன்றம் பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது.

உடல் பற்றிய வாதம் ஒன்றும் உண்டு. ஃபார்முலா 1 காரில் பவர் ஸ்டியரிங் இருக்கிறது. அதற்குக் கீழே உள்ள ஃபார்முலா 2, 3 கார்களில் இல்லை. அதாவது கடைசிப் படியில் தேவைப்படாத தோள்வலு, அந்தப் படிக்கு ஏறுவதற்குத் தேவைப்படுகிறது. இதைச் சாட்விக்கே வெளிப்படையாகப் பேசினார். உடனே ‘பார்த்தீர்களா, அவரே ஒப்புக்கொண்டார்’ என்றார்கள். யார் உடலை அளவாக வைத்து அந்தக் கார் செய்யப்பட்டது என்ற கேள்விக்கு யாரும் போகவில்லை. அவர் அமெரிக்காவுக்குப் போய், இண்டி நெக்ஸ்ட் தொடரில் 2024இல் ரோடு அமெரிக்கா ஓடுதளத்தில் ஜெயித்தார். ஆண்கள் பின்னால் வந்தார்கள். தலைப்பு என்னவாக இருந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

பெண்களுக்கென்று தனித் தொடர் வேண்டுமா என்பதில் எனக்கு இன்னும் குழப்பம் உண்டு. டபிள்யூ சீரிஸ் இல்லாவிட்டால் சாட்விக்குக்கு அந்த ஓட்ட நேரம் கிடைத்திருக்காது. ஆனால் ஃபார்முலா 1க்கான உரிமம் வாங்க மூன்று ஆண்டுகளில் 40 புள்ளி வேண்டும். ஃபார்முலா 2 பட்டத்துக்கு 40, ஃபார்முலா 3க்கு 30, டபிள்யூ சீரிஸுக்கு 15. தனி வாசல் வைத்தார்கள். அது முற்றத்தோடு நின்றுவிட்டது. 2023இல் தொடங்கிய எஃப்1 அகாடமி வேறு மாதிரி இருக்குமா என்று பார்க்க வேண்டும். இதை எழுதும்வரை ஃபார்முலா 1இல் புள்ளி எடுத்த ஒரே பெண் இத்தாலியின் லெல்லா லோம்பார்டி. 1975, ஸ்பெயின். பந்தயம் பாதியில் நிறுத்தப்பட்டதால் கிடைத்தது அரைப் புள்ளி.

நான் முப்பத்தெட்டு வயதில் வண்டி படித்தேன், கணவரைப் பிரிந்து அருமனைக்கு வந்த பிறகு. வண்டி என் பேரில் இருந்ததால் கேட்டு வாங்க முடிந்தது. மாமியார் சொன்னதில் அந்த மட்டும் உண்மை இருந்தது. மாருதி 800இல் பவர் ஸ்டியரிங் கிடையாது. பழக்கிக் கொடுத்த மாஸ்டர் முதல் நாளே, “அக்கா, ஒங்க கைக்கு இது நிக்காது, புதுசு ஒண்ணு வாங்குங்க” என்றார். வண்டி நகர்ந்துகொண்டிருக்கும்போது ஸ்டியரிங்கைத் திருப்பினால் பாதி பாரம் குறைந்துவிடும் என்பதை அவர் சொல்லித் தரவில்லை. களியல் ரோட்டு வளைவுகளில் நானே கண்டுபிடித்தேன். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவை ஏற்றிக்கொண்டு மார்த்தாண்டம் சந்தைக்குப் போகிறேன். அம்மா முன்சீட்டில் உட்கார மாட்டேன் என்கிறாள். பின்னால் உட்கார்ந்துகொண்டு, “மெள்ள போ மக்களே” என்று அருமனையிலிருந்து மார்த்தாண்டம்வரை சொல்லிக்கொண்டே வருவாள். நான் நாற்பதில்தான் போய்க்கொண்டிருப்பேன்.