திரையைப் பார்த்துக் கோர்த்த மணிகள்

கற்பனைக் கதைகளையும் வீடியோ கேம்களையும் வைத்துக் கையால் செய்யும் மணி நகைகளைக் கொஞ்ச காலமாகக் கவனிச்சுட்டு வர்றேன். வேலைப்பாட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒன்றரை மில்லிமீட்டர் கண்ணாடி மணியை ஆயிரக்கணக்கில் ஊசியால் எடுத்துக் கோர்ப்பது சாமானிய வேலையா? எனக்கு இருக்கும் மனத்தாங்கல் வேறு. இவற்றில் பெரும்பாலானவை கதையைப் படித்துச் செய்தவை அல்ல, ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்துச் செய்தவை. படத்தைக் கொடுத்தால் மணிக் கட்டமாக மாற்றித் தரும் மென்பொருள்கள் இப்போது நிறைய. அது சொல்லும் வரிசையில் கோர்த்தால் முடிந்தது. அப்போ கை என்ன செய்யுது? மெதுவாக ஓடும் ஒரு பிரின்டர் வேலை.

முதலில் கேம் பக்கம். 1986-இல் ஜப்பானில் வந்த 'த லெஜண்ட் ஆஃப் செல்டா'வின் நாயகன் லிங்க், 16×16 பிக்சலில் அடங்கிவிடும் ஆள். அந்தக் கால நின்டெண்டோ இயந்திரத்தில் இப்படிப்பட்ட ஓர் உருவத்துக்கு மூன்று நிறம்தான், மீதி இடம் ஒளி ஊடுருவும் வெற்றிடம். மணிக்கு இதைவிடத் தோதான படம் கிடைக்காது. ஒரு பிக்சலுக்கு ஒரு மணி, அவ்வளவுதானே?

அவ்வளவு இல்லை. மணி சதுரம் கிடையாது. இந்த வேலைக்கு எல்லோரும் வாங்குவது ஜப்பானின் மியுகி நிறுவனத்தின் டெலிகா மணி, 11/0 அளவு. குறுக்களவு 1.6 மி.மீ., துளை ஓடும் திசையில் நீளம் 1.3 மி.மீ. தறியில் நெய்யும்போது மணிகள் ஊடு நூலில் படுத்துக்கொள்ளும். அப்போது ஒவ்வொரு கட்டமும் அகலம் 1.3, உயரம் 1.6. பதினாறு மணிக்குக் கணக்குப் போட்டால் அகலம் 20.8 மி.மீ., உயரம் 25.6 மி.மீ. குட்டையாக இருக்க வேண்டிய லிங்க் ஒட்டடைக்குச்சி மாதிரி நிற்கிறான். விற்பனைக்கு வரும் எத்தனையோ காதணிகளில் இந்த நீண்ட முகத்தைப் பார்க்கலாம்.

இதில் இன்னொரு சங்கதியும் உண்டு. அந்த கேமில் பிக்சலும் சதுரம் இல்லை! பழைய அமெரிக்க, ஜப்பானிய டிவிகளில் அந்த இயந்திரத்தின் ஒரு பிக்சல் எட்டுக்கு ஏழு என்ற விகிதத்தில், உயரத்தைவிட அகலம் கொஞ்சம் கூடுதலாகத்தான் தெரிந்தது. இன்று இணையத்தில் கிடைக்கும் சதுரப் பிக்சல் படம், அன்று பிள்ளைகள் டிவியில் பார்த்தது அல்ல. ஆகவே படத்தைத் தொண்ணூறு பாகை திருப்பி, பக்கவாட்டில் நெய்தால் போதும். கட்டம் இப்போது 1.6 அகலம், 1.3 உயரம், விகிதம் 1.23. வேண்டியது 1.14. பாவு நூலின் கனமும் 1.3 பக்கம்தான் சேரும் என்பதால் இன்னும் நெருங்கிவிடும். நான் இரண்டு மாதிரியும் நெய்து பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். திருப்பி நெய்ததில் லிங்க் அப்படியே உயிரோடு நிற்கிறான்.

நிறத்திலும் இதே கதைதான். மாற்றித் தரும் மென்பொருள் நிழல், ஓரம், ஜேபெக் அழுக்கு எல்லாவற்றையும் சேர்த்து முப்பது நிறம் கேட்கும். மூன்றுக்கு மேல் ஒரு நிறம் போட்டாலும் அது அந்த கேமின் உருவம் இல்லை என்பது என் கட்சி. பற்றாக்குறைதான் அந்தப் பொம்மைக்கு முகம் கொடுத்தது.

கதை பக்கம் வந்தால் பிரச்சினை இன்னும் பெரிது. 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' என்றதும் எல்லோரும் செய்வது ஆர்வெனின் பதக்கம்: வெள்ளிக் கொடி, நடுவில் கல், கீழே தொங்கும் கூர்மையான கிரிஸ்டல் துளிகள். படத்தில் அது அவள் அராகோர்னுக்குத் தரும் காதல் அடையாளம். டோல்கீன் எழுதிய நாவலில் அந்தப் பரிமாற்றமே கிடையாது. அங்கே அராகோர்னுக்குக் கிடைப்பது கழுகு வடிவ வெள்ளிப் புரூச்சில் பதித்த பச்சைக் கல், கொடுப்பவள் கலாட்ரியல். ஆர்வென் தன் கழுத்திலிருந்த வெள்ளைக் கல்லைக் கழற்றித் தருவது ஃப்ரோடோவுக்கு. போர் முடிந்த பிறகு, பழைய பயம் திரும்ப வந்து வாட்டும்போது துணையாக இருக்கட்டும் என்று. பிறகு ஊரில் ஒருநாள் அவன் நோவில் படுத்துக் கிடக்கிறான், கையில் அந்தக் கல்லை இறுகப் பிடித்தபடி.

இதைப் படித்தவர் கூர்முனைத் துளிகளைத் தொங்கவிடுவாரா? வலியில் கிடப்பவன் உள்ளங்கையில் இறுக்கிப் பிடிக்கிற பொருள் அது. உருண்டையாக, வழவழப்பாக, எந்தப் பக்கமும் குத்தாமல் இருக்கணும். உலோக முனை எதுவும் இல்லாமல், மணியாலேயே கல்லைச் சுற்றிக் கூடு பின்னுவது மணி வேலைக்குச் சுலபம், தட்டாருக்குத்தான் கஷ்டம். கையில் கிடைத்த வசதியை விட்டுவிட்டு சினிமா வெள்ளியை நகல் எடுக்கிறார்கள் என்பதுதான் என் ஆதங்கம்.

இதைவிடக் கனமான வாய்ப்பு 1977-இல் வெளிவந்த 'சில்மரில்லியன்' நூலில் இருக்கு: நௌக்லமீர் என்ற அட்டிகை. ஃபின்ராட் என்ற எல்ஃப் அரசனுக்காகக் குள்ளர்கள் செய்தது. பொன்னும் எண்ணற்ற மணிக்கற்களும் கொண்டது, ஆனாலும் அணிபவருக்குப் பாரமே தெரியாது என்பது கதை. பொன்னில் இது மாயம். கண்ணாடியில் வெறும் இயற்பியல். தங்கத்தின் அடர்த்தி 19.3, சாதாரணக் கண்ணாடி சுமார் 2.5. டெலிகா மணி கிராமுக்கு ஏறக்குறைய 200 நிற்கும். பத்தாயிரம் மணியில் கழுத்து நிறைய ஓர் அட்டிகை வலை போல் பின்னினாலும் 50 கிராம்தான். பொன்முலாம் பூசிய மணியைக் கலந்தால் கண்ணுக்குக் கனம், கழுத்துக்கு லேசு.

ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. டோரியாத் அரசன் திங்கோல் அந்த அட்டிகையில் சில்மரில் கல்லைப் பதிக்கச் சொல்கிறான். கல் ஃபியனோர் என்ற எல்ஃப் செய்தது, அட்டிகை பழைய குள்ளர்கள் செய்தது, இரண்டையும் சேர்ப்பது நோக்ராட் ஊர்க் குள்ளர்கள். வேலை முடிந்ததும் அது யாருக்குச் சொந்தம் என்று சண்டை, அரசன் கொலை. அந்தப் பதிப்புதான் கதையின் முடிச்சு. நான் பார்த்த நௌக்லமீர்களில் எல்லாம் கல்லும் அட்டிகையும் ஒரே நிறத்தில், ஒரே பின்னலில், ஒரே கை செய்ததுபோல் வழுக்கிக்கொண்டு இணைகின்றன. அழகுதான். ஆனால் இணைப்பு இணைப்பாகத் தெரியணும். கூடு வேறு பின்னலில், வேறு நிறத்தில், தனியாகக் கழற்றி எடுக்கும்படி இருக்கணும்.

செய்ய முடியாததும் இல்லை. 14 மி.மீ. ரிவோலிக் கல்லைச் சுற்றி 11/0 மணியில் இரண்டு வரிசை, முன்னும் பின்னும் 15/0 மணியில் இறுக்கினால் பசையே இல்லாமல் நிற்கும். பின்பக்கம் இரண்டு சிறு கொக்கி. நைலான் நூல் மட்டும் வேண்டாம், கிரிஸ்டல் மணி சேர்த்தால் அதன் துளை விளிம்பு நாளடைவில் அறுத்துவிடும்; பின்னிய தூண்டில் நூல் தாங்கும். யாராவது இப்படிச் செய்திருந்தால் ஒரு படம் அனுப்புங்க, கழற்றி வைத்த நிலையில்.