பொருத்தல் முறையும் மாதிரித் தேர்வும்: லாலோண்ட் தரவு குறித்த விவாதம் – ஒரு மறுநோக்கு

பயிற்சித் திட்டமொன்றில் சேர்ந்தோரின் வருமானத்தைச் சேராதோரின் வருமானத்தோடு நேராக ஒப்பிடுதல் பிழையான முடிவுக்கே இட்டுச்செல்லும்; இரு சாராரும் தொடக்கத்திலேயே வேறுபட்டவர்கள். வயது, கல்வி, முந்தைய வருமானம் ஆகியவற்றால் ஒத்தவரைத் தேடி இணைத்து ஒப்பிடும் பொருத்தல் முறை இக்குறையைக் களையும் எனக் கருதப்படுகிறது. பண்புகள் பலவாகும்போது அவற்றைப் பங்கேற்பு நிகழ்தகவு என்னும் ஒரே எண்ணாகச் சுருக்க ரோசன்பாமும் ரூபினும் 1983இல் வழி காட்டினர். பொருளியலில் இம்முறையின் நம்பகத்தன்மை நிறுவப்பட்ட விதம் மறுபரிசீலனைக்குரியது.

1970களின் நடுவில் அமெரிக்காவில் நடைபெற்ற தேசிய ஆதரவு வேலைத்திட்டம், சிறையிலிருந்து மீண்டோர், படிப்பை இடைநிறுத்தியோர் முதலானோரைச் சமவாய்ப்பு முறையில் இரு குழுக்களாகப் பிரித்தது. ஆகவே, அதன் பயனுக்கு நம்பத்தக்க அளவுகோல் ஒன்று கிடைத்தது: ஆண்களின் 1978ஆம் ஆண்டு வருமானத்தில் 886 டாலர் உயர்வு. லாலோண்ட் (1986) கட்டுப்பாட்டுக் குழுவை விலக்கி, நாடு தழுவிய கணக்கெடுப்புகளிலிருந்து ஒப்பீட்டுக் குழுக்களை அமைத்து, அக்கால மதிப்பீட்டு முறைகளைச் சோதித்தார். பெரும்பாலானவை அவ்வளவுகோலை எட்டவில்லை. பொருத்தல் முறை எட்டுகிறது என்று டெஹேஜியாவும் வாபாவும் (1999) காட்டினர்.

எனினும் அவர்கள் எடுத்துக்கொண்டது லாலோண்டின் மாதிரி அன்று. பயிற்சி பெற்ற 297 பேரில் 185 பேர் மட்டுமே அதில் உள்ளனர். அளவுகோலும் 1,794 டாலராக உயர்ந்துவிட்டது. பயிற்சிக்கு முந்தைய ஈராண்டு வருமானம் தெரிய வேண்டும் என்பது அவர்கள் கூறிய காரணம். அது ஏற்கத்தக்கதே. ஆனால் அவ்விதி செயல்பட்ட விதத்தை ஸ்மித்தும் டாட்டும் (2005) ஆராய்ந்தனர். 1976 ஏப்ரலுக்குப் பின் குழுவில் சேர்க்கப்பட்டோரில், சேர்வதற்கு முந்தைய 13 முதல் 24 வரையிலான மாதங்களில் வருமானமே இல்லாதவர்கள் மட்டும் இடம்பெற்றனர், சம்பாதித்தவர்கள் நீக்கப்பட்டனர். இதனால் தேர்வுச் சார்புச் சிக்கலே எளிதாகிவிட்டது. வேறு மாதிரிகளில் அதே வெற்றி நிலைக்கவில்லை. இன்று புள்ளியியல் மென்பொருள்களின் பயிற்சித் தரவாக இந்த 185 பேரே வழங்கிவருகின்றனர். எவரை நீக்கி அவ்வெண் கிடைத்தது என்பதைக் கற்போர் கேட்பது அரிது.

ஒவ்வொரு மாதிரிக்கும் நிகழ்தகவுச் சமன்பாட்டைப் புதிதாக வகுத்துச் சமநிலையைச் சரிபார்க்க வேண்டும் என்பது டெஹேஜியாவின் (2005) மறுமொழி. நடைமுறை அறிவுரையாக அது சரியே. ஆயினும், அளவிடப்பட்ட மாறிகள் இரு குழுக்களிலும் ஒத்திருப்பதையே சமநிலைச் சோதனை காட்டும்; வேலைமீதான ஆர்வம், உடல்நலம் போன்று அளவிடப்படாதவை குறித்து அது எதுவும் சொல்லாது. ஒப்பீட்டுக் குழு அதே தொழிற்சந்தையைச் சார்ந்ததாகவும், அதே வினாநிரலுக்கு விடையளித்ததாகவும் இருத்தல் வேண்டும் என ஹெக்மன், இச்சிமுரா, டாட் ஆகியோர் 1997இலேயே வலியுறுத்தினர். லாலோண்டின் ஒப்பீட்டுக் குழுக்களில் இவ்விரண்டும் இல்லை. நாடு தழுவிய கணக்கெடுப்பொன்றோடு நேராக ஒப்பிட்டால், இந்த 185 பேரின் வருமானம் 8,498 டாலர் குறைவாகத் தெரிகிறது. சமவாய்ப்புச் சோதனை நடந்திராவிடில், நன்மை பயத்த அத்திட்டத்தைக் கேடு விளைத்ததாகக் கருதி மூடுவதற்கு இவ்வெண்ணே போதுமானதாக இருந்திருக்கும்.