உழைப்பும் உவகையும்
ஆனந்த குமாரசுவாமியின் கண்டிக் கைவினைஞர் நோக்கு – ஒரு மதிப்பீடு

கலாயோகி ஆனந்த குமாரசுவாமி (1877–1947) எழுதிய ‘இடைக்காலச் சிங்களக் கலை’ என்னும் ஆங்கில நூலைக் கலை வரலாற்று நூலாக மட்டும் வாசிப்பதே வழக்கமாகிவிட்டது. அலங்காரக் கோலங்களையும் தந்தச் செதுக்கலையும் அரக்கு வேலையையும் தேடுவோர் அதனைப் புரட்டுவர்; தேடியது கிடைத்ததும் மூடிவைப்பர். ஆனால், சமூக அமைப்பினையும் கைவினைஞரின் நிலையினையும் விளக்குவது தன் நோக்கங்களுள் ஒன்றென அந்நூலின் நீண்ட துணைத்தலைப்பே கூறுகின்றது. மனிதன் சலிப்பின்றி, உடல் தேயாது, மகிழ்ந்து நெடுங்காலம் உழைப்பதற்கு எவை வேண்டும் என்பதே அந்நூலின் அடியில் ஓடும் வினா. அவ்வினாவுக்கு ஆசிரியர் தரும் விடையிலும் பார்க்க, அவர் திரட்டிவைத்த சான்றுகள் தரும் விடை வலியது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுப் பணிப்பாளராக விளங்கிய குமாரசுவாமி, பாறைகளைத் தேடி மலைநாட்டுக் கிராமங்களுக்குச் சென்றார். அங்கே மனிதரைக் கண்டார். கண்டிப் பிரதானிகளுக்கு அவர் 1905இல் வரைந்த பகிரங்கக் கடிதம், பழைய கட்டடங்கள் சிதைக்கப்படுவதைக் கண்டு எழுந்த சினத்தின் வெளிப்பாடு. மூன்றாண்டுகளின் பின் வெளிவந்த பெருநூலில் அச்சினம் அடங்கி ஆராய்ச்சியாகின்றது.

அந்நூலில் மிக ஆழமாகக் கற்கத்தக்கது, கைவினைஞர் எவ்வாறு சீவித்தனர் என்பது பற்றிய பகுதியாகும். மன்னனின் நான்கு பட்டறைகளிற் பணிபுரிந்தோர்க்கும், விகாரைகளுக்கும் தேவாலயங்களுக்கும் உரிய ஆசாரிகளுக்கும் கூலி என ஒன்று முதன்மையாக இருக்கவில்லை, காணி இருந்தது. பரம்பரையாக அனுபவிக்கும் வயற்பங்குக்கு ஈடாக இன்ன வேலை, இத்தனை நாள் என வழக்காறு வரையறுத்திருந்தது. வேலை நடைபெறும் நாட்களில் உணவும், முடிந்தபின் பரிசும் கிடைத்தன. இதனால் விளைந்தது யாது? கட்டளை வராத மாதத்திலும் ஆசாரியின் அடுப்பு எரிந்தது. ஆகவே, விரைந்து முடித்து அடுத்ததற்கு ஓடவேண்டிய நெருக்கடி அவனுக்கு இருக்கவில்லை. எம்பெக்கே தேவாலயத்தின் மரத்தூண்களை நோக்குவோர் அவற்றின் வனப்பை வியப்பர். அவ்வனப்புக்குப் பின்னே நெல்வயல் ஒன்று இருப்பதை நினைப்பவர் சிலரே. பொருள் செவ்வனே முடிவதே அங்கு வேலையின் அளவு.

குமாரசுவாமியோ இவ்வுவகைக்கு மரபையும் சமயத்தையும் சாதியமைப்பையுமே மூலமாகக் காட்ட விழைகின்றார். தந்தையிடமிருந்து மகன் கற்கும் தொழில் அவனுக்கு நிலையான இடத்தையும் பெருமிதத்தையும் நல்கிற்று என்பது அவர் கொள்கை. அதில் உண்மையில்லாமலில்லை. ஆயினும், குண்டசாலையை அடுத்த ஹேனவலையில் தும்பர பாய்களை நெய்து வந்த கின்னரர், கண்டிச் சமூக ஏணியின் அடிப்படியில் நிறுத்தப்பட்டிருந்தவர்கள். பாயின் அழகு போற்றப்பட்டது, நெய்தவன் போற்றப்படவில்லை. அவனுடைய நிலையான இடம் அவனால் விட்டு நீங்க முடியாத இடமுமாகும். இராசகாரியம் என்னும் கடமையில் மறுக்கும் உரிமை இல்லை என்பதையும் இங்கு நினைவிற் கொள்ளல் வேண்டும். நூலாசிரியர் இவற்றை அறியாதவரல்லர். அறிந்தும் மென்மையாகக் கடந்து செல்கின்றார். இதனை அவருடைய பெருங்குறையென்றே கொள்ளவேண்டும்.

நூல் அச்சான வரலாறும் ஈண்டு நோக்கற்பாலது. இங்கிலாந்திலே புரோட் காம்டன் என்னும் சிற்றூரில், உழைப்பே இன்பமாதல் வேண்டும் என முழங்கிய வில்லியம் மொறிஸ் பயன்படுத்திய அதே கையச்சுப் பொறியில், 1907 செத்தெம்பர் முதல் 1908 திசெம்பர் வரை பதினைந்து மாதங்களாக 425 பிரதிகள் அச்சிடப்பட்டன. அந்த எசெக்ஸ் ஹவுஸ் அச்சகம் ஆஷ்பியின் கைவினைஞர் சங்கத்தைச் சேர்ந்தது. இலண்டனை விட்டு 1902இல் நாட்டுப்புறம் புகுந்து, மகிழ்ந்து உழைக்க முற்பட்ட அச்சங்கம், சந்தைப் போட்டியைத் தாங்கமாட்டாது 1908இல், இந்நூல் அச்சாகிக்கொண்டிருந்தபோதே, கலைக்கப்பட்டது. அவர்களிடம் திறன் இருந்தது, இலட்சியம் இருந்தது, தோழமையும் இருந்தது. கண்டி ஆசாரியிடம் இருந்த வயல் மட்டும் இல்லை. தம் கண்முன் நிகழ்ந்த இவ்வீழ்ச்சியைத் தம் நூலின் உரைகல்லாக்க ஆசிரியர் தவறிவிட்டார்.

கண்டியிலும் அவ்வடித்தளம் சிதைந்தது. 1815இல் அரசு வீழ்ந்தது. 1870ஆம் ஆண்டின் சேவைக் காணிச் சட்டம் பணிக்குப் பதிலாகப் பணம் செலுத்த வழி திறந்தது. அதற்கு மூன்றாண்டுகள் முன்னர், 1867இல், அதே மலைகளில், லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார்.

பதினெட்டாம் நூற்றாண்டுக் கலையை ஆராயும் நூலில் தோட்டத் தொழிலாளர் இடம்பெறாதது குற்றமாகாது. எனினும் அந்நூலின் வினாவை அவர்களிடம் கொண்டுசெல்லாத வாசிப்பு அரைகுறை வாசிப்பே. தோட்டத்தில் வேலையின் அளவு பொருளன்று, நிறுவை. குறித்த கிலோ கொழுந்து பறித்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். மழையும் வெயிலும் செடியின் முதுமையும் தராசுக்குத் தெரியா. வழக்காறு வகுத்த ஆசாரியின் கடமையைப் பிரதானி நினைத்தவாறு உயர்த்துவது எளிதன்று; கொழுந்தின் அளவையோ நிருவாகம் உயர்த்தலாம். 2021இல் நாட்கூலி 1000 ரூபா என வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டதும், எத்தனை கிலோவுக்கு அந்த ஆயிரம் என்பதே பிணக்காக மூண்டது இதற்குச் சான்று. நாளின் அளவைப் பிறர் வைத்திருக்கும்போது, உழைப்பவரிடம் உற்சாகம் குறைவு என்று பேசுவது ஏளனமன்றி வேறன்று.

மலையகத்தார் வேலையிலே பாடினர், ஆகவே மகிழ்ந்தனர் என்று கூறுவாரும் உளர். சி. வி. வேலுப்பிள்ளை திரட்டி 1983இல் நூலாக்கிய ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ தொகுதியை அவர்கள் ஒருமுறை பொறுமையாக வாசித்தல் நன்று. கங்காணியை ஏசும் குரலும் ஊரை நினைந்து ஏங்கும் குரலும் அங்கு உவகையின் குரலாக மயங்க இடமில்லை. குமாரசுவாமியின் நூலில் ஆசாரியின் வயற்பங்கையும் பணிநாட்களையும் கூறும் பக்கங்களைத் திறந்து, அருகே இத்தொகுதியையும் விரித்து வைத்து ஒப்பிட்டு ஆராயும் முயற்சி பேராதனையிலேயே தொடங்கத்தக்கது. பல்கலைக்கழகத்தை அணைத்து நிற்கும் ஹந்தானைச் சரிவிலேயே தேயிலை வளர்ந்தது. அங்கிருந்த பழைய தொழிற்சாலை இன்று தேயிலை நூதனசாலை. டெயிலரின் நினைவுப் பொருட்களும் பழைய இயந்திரங்களும் அங்கே பேணப்படுகின்றன.