தேசவழமையும் கொழும்புத் தமிழர் ஆதனமும்: ஒரு மறுநோக்கு

ஒரு சமுதாயம் தன் உறுப்பினரை எவ்வாறு மதிக்கின்றது என்பதனை அதன் இலக்கியங்கள் மாத்திரமன்றி, இறந்தோரின் உடைமை யாரைச் சேரவேண்டும் என அது வகுத்துக்கொண்ட விதிகளும் புலப்படுத்துவன. இவ்வகையில் தேசவழமை ஈழத்துத் தமிழரின் சமூக வரலாற்றுக்கு ஒரு மூலநூலாகும். ஆயினும் அதுபற்றி நம்மிடையே நிலவும் கருத்துக்கள் பெரும்பாலும் இரு முனைப்பட்டுள்ளன. பெண்ணுக்குச் சொத்துரிமை வழங்கிய தொன்மைச் சிறப்பாக அதனைப் போற்றுவோர் ஒருசாரார். நிலமானியச் சமுதாயத்தின் எச்சமெனக் கூறி முற்றாக ஒதுக்குவோர் மறுசாரார். இரு சாராரும் அந்நூலை அதன் காலத்திலும் வர்க்கப் பின்னணியிலும் வைத்து நோக்கவில்லை என்பதே நமது கருத்தாகும்.

ஒல்லாந்த ஆளுநர் சைமன்சின் பணிப்பின்படி, யாழ்ப்பாணத்துத் திசாவையாயிருந்த கிளாஸ் ஐசாக்ஸ் 1706 - 1707 காலப்பகுதியில் இவ்வழக்கங்களைத் தொகுத்தார். தமிழாக்கப்பட்ட தொகுப்பினைப் பன்னிரு முதலியார் பார்வையிட்டு ஏற்றுக்கொண்டனர். பின்னர் ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணத்தால் அதற்குச் சட்டவலு அளித்தனர். எனவே 'தேசத்தின் வழமை' எனப்படுவது அந்நிய நிருவாகத்தின் தேவைக்காக, உள்ளூர் நிலவுடைமையாளரின் ஒப்புதலுடன் எழுத்தில் உறைந்த வழமையே. முதுசொம், சீதனம், தேடியதேட்டம் என ஆதனத்தை முத்திறமாக வகுத்த அதே நூல் அடிமைகள் பற்றியும் விதி கூறுகின்றது. நிலத்தில் உழைத்தோர் அங்கே உரிமையாளராக அன்றி உடைமையாகவே இடம்பெற்றனர். 1844இல் அடிமைமுறை ஒழிக்கப்பட்டதும் அப்பகுதி வழக்கிறந்தது. தொன்மை என்ற ஒரே காரணத்துக்காக எந்த விதியையும் காக்கவேண்டியதில்லை என்பதற்குத் தேசவழமையின் வரலாறே சான்றாகும்.

போற்றுவோர் கூற்றில் உண்மையே இல்லை என நாம் கூறவில்லை. சீதனம் பெண்ணின் தனி ஆதனமாகக் கருதப்பட்டது. கணவனின் கடனுக்கு அது பொறுப்பாகாது என 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச்சட்டம் தெளிவுறுத்தியது. எனினும் உடைமை வேறு, ஆட்சி வேறு. அதே சட்டத்தின்படி மனைவி தன் அசைவற்ற ஆதனத்தை விற்கவோ நன்கொடையாக வழங்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். மரணசாசனத்தால் அதனை வழங்குவதற்கோ அச்சம்மதம் வேண்டியதில்லை. அஃதாவது, உயிரோடிருக்கும்வரை தன் காணியின்மீது முழு அதிகாரமற்ற பெண், இறப்பின் வாயிலாகவே அதன் முழு உரிமையாளராகின்றாள். இம்முரண்பாட்டைக் கருதாது தேசவழமையைப் பெண்ணுரிமைச் சாசனமெனப் புகழ்தல் ஆய்வாகாது.

கொழும்பிலே இம்முரண்பாடு கூர்மையடைகின்றது. தேசவழமை யாழ்ப்பாண மாகாணத்து வாசிகளாகிய தமிழரைச் சாரும். வெள்ளவத்தையில் வாழ்ந்தாலும் அந்த வதிவுரிமையைக் கைவிடாதவரை அது அவரைத் தொடரும். கொட்டாஞ்சேனையிலே வாழும் மலையக வழித்தமிழர் போன்றோருக்கு உரோம - டச்சு அடிப்படையிலான பொதுச்சட்டமே உரியது. மணமான பெண்ணுக்குத் தன் ஆதனத்தில் முழு அதிகாரம் வழங்கிய 1923ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் தேசவழமைக்குட்பட்ட தமிழரை விலக்கியே இயற்றப்பட்டது. 1973இல் தொடர்மாடி உடைமைச் சட்டம் வந்தபின் வீடு என்பது மண்ணிலிருந்து பிரிந்து மாடியில் ஓர் அலகாயிற்று. வெள்ளவத்தையில் சீதனமும் அவ்வடிவத்தை ஏற்றது. பனங்காணிக்கும் வயலுக்கும் எழுந்த விதி இன்று ஐந்தாம் மாடி வீட்டுக்கும் பொருந்துகின்றது. ஒரே கட்டடத்தில் அடுத்தடுத்து வாழும் இரு தமிழ்ப் பெண்களுள் ஒருத்தி தானே உறுதி முடிக்கலாம்; மற்றவள் கணவனின் கையொப்பத்துக்குக் காத்திருக்கவேண்டும். திருமணமே ஒருத்தியின் சட்டத்தை மாற்றிவிடவும் கூடும். தேசவழமைக்குட்பட்டவனை மணக்கும் வேற்றுச் சட்டத்துப் பெண்ணும் அத்திருமணம் நிலைக்கும்வரை அதற்குட்படுகிறாள்.

கணவன் கடல்கடந்தோ காணாமற்போயோ இருப்பின் நிலை இன்னும் துயரமானது. 1983இன் பின்னர் இவ்விரு நிலைகளும் பல குடும்பங்களின் வாழ்வாயின. கணவனின் இருப்பிடம் தெரியாதவிடத்து மனைவி மாவட்ட நீதிமன்றத்தில் மனுச்செய்து சம்மதத் தேவையை நீக்கிக்கொள்ள 1911ஆம் ஆண்டுச் சட்டம் வழிவிடுகின்றது. காணாமற்போனோருக்கு மரணப்பதிவு செய்யும் 2010ஆம் ஆண்டுச் சட்டமும், அதற்குப் பதிலாகக் காணாமைச் சான்றிதழ் பெற இடமளித்த 2016ஆம் ஆண்டுத் திருத்தமும் பின்வந்தன. ஆயின் தன்னுடைய சொத்தையே ஆளுவதற்கு ஒருத்தி தன் கணவன் இல்லாமையை நீதிமன்றில் நிறுவவேண்டியிருப்பது சலுகையன்று, சுமையே.

அவ்வாறாயின் தேசவழமையை நீக்கி, யாவரும் மரணசாசனம் எழுதினாற் போதுமா? மறுசாரார் கருத்து இவ்விடத்தே தடுமாறுகின்றது. 1844ஆம் ஆண்டின் மரணசாசனக் கட்டளைச்சட்டம் எழுதுவோருக்குப் பிள்ளையையும் காரணங் கூறாது விலக்கும் சுதந்திரத்தை அளித்தது. நொத்தாரிசும் இரு சாட்சிகளும், அன்றேல் ஐந்து சாட்சிகளும் முன்னிலையிற் கையொப்பமிட்டால் அது செல்லும். இச்சுதந்திரம் பெரிதும் உடைமையாளரின் சுதந்திரமே. மறுபுறம், சாசனமின்றி இறந்தவனின் முதுசொத்தில், பிள்ளைகள் இருக்கையில், தேசவழமை விதவைக்குப் பங்களிப்பதில்லை; தேடியதேட்டத்திலேயே அவளுக்கு அரைப்பங்குண்டு. பொதுச்சட்டமோ 1876ஆம் ஆண்டிலேயே எஞ்சிய துணைக்கு இறந்தவரின் ஆதனத்திற் பாதியை வழங்கிவிட்டது. ஆகவே வேண்டப்படுவது வெறும் நீக்கமுமன்று, காப்புமன்று. கணவன் சம்மதம் என்னும் தளை அறுக்கப்படவேண்டும்; விதவையின் பங்கு பொதுச்சட்டத்தின் அளவுக்கேனும் உயரவேண்டும்; பெண்ணின் தனி ஆதனம், தேடியதேட்டத்தில் இருவரின் உழைப்புக்குமுரிய சமபங்கு என்னும் கோட்பாடுகள் பேணப்படவேண்டும்.

தேசவழமை நம் பண்பாட்டின் அடையாளமென்னும் வாதம் இங்கு எழக்கூடும். சிறுபான்மையினமொன்று தன் தனித்துவத்தைக் காக்க விழைதல் இயல்பே. அதனை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் அடையாளத்தின் விலையைப் பெண் மாத்திரமே செலுத்துவாளாயின் அவ்வடையாளம் முழுச் சமுதாயத்துக்கும் உரியதாகாது. தேசவழமையின் பெருமையைப் பேசுமுன், உறுதிகளிலும் மரணசாசனங்களிலும் மாவட்ட நீதிமன்ற மனுக்களிலும் பதிந்துள்ள வாழ்க்கையை ஆராய்தல் தமிழாய்வாளரின் கடமையாகும்.