ஊராட்சிக்கு வந்த இழையும் ஊருக்கு வராத வேலையும்

கிராமத்துக்கு பிராட்பேண்ட் வந்தால் வேலையும் பின்னாலேயே வரும் என்ற நம்பிக்கை இந்தியாவில் அரசுக் கொள்கையாகவே ஆகிவிட்டது. 2011 அக்டோபரில் மத்திய அமைச்சரவை தேசியக் கண்ணாடியிழை வலையமைப்புக்கு ஒப்புதல் தந்தபோது, இரண்டரை லட்சம் ஊராட்சிகளை ஓரிரு ஆண்டுகளில் இணைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டார்கள். பின்னர் பாரத்நெட் என்று பெயர் மாறிய அந்தத் திட்டம் முதல் ஒரு லட்சம் ஊராட்சிகளை எட்டுவதற்குள் 2017 டிசம்பர் வந்துவிட்டது. 2023 ஆகஸ்டில் சுமார் 1.39 லட்சம் கோடி ரூபாயில் திட்டத்தையே திருத்தி எழுத வேண்டியதாயிற்று.

தாமதத்தைக்கூட மன்னிக்கலாம். ஆனால் எத்தனை கிலோமீட்டர் இழை பதித்தோம், எத்தனை ஊராட்சிகள் 'தயார்' என்பதுதான் திட்டத்தின் வெற்றிக்கு அளவுகோலாக இருந்துவருகிறது. அந்த இழையை நம்பி எத்தனை பேர் ஊரிலேயே சம்பளம் வாங்குகிறார்கள் என்ற கேள்வி பின்னுக்குப் போய்விடுகிறது. கிராமத்துக்கு பிராட்பேண்ட் கொண்டுபோகும் முயற்சியின் நிறைகுறைகளை அந்தக் கேள்வியை வைத்தே எடைபோட வேண்டும்.

முதலில் நிறைகள். அதிவேக இணையம் வேலை தரும் என்பது வெறும் மேடைப் பேச்சு அல்ல. கடலடிக் கேபிள்கள் ஆப்பிரிக்கக் கரையைத் தொட்ட பிறகு அங்கே நடந்ததை ஆராய்ந்து, ஹியோர்ட், போல்சன் என்ற இரு பொருளியலாளர்கள் 2019-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இணைப்பு கிடைத்த இடங்களில் வேலைவாய்ப்பு கூடியிருந்தது. அதிகம் படிக்காதவர்களுக்கும் அதில் பங்கு கிடைத்திருந்தது.

நம் பக்கத்திலும் சான்று உண்டு. சென்னை ஐஐடியின் ஊரகத் தொழில்நுட்ப வளர்ப்பகத்தில் உருவாகி 2007-இல் தொடங்கிய தேசிக்ரூ நிறுவனம், தமிழகக் கிராமங்களில் பிபிஓ எனப்படும் வெளிப்பணி நிறுவனம் நடத்த முடியும் என்று காட்டியது. தென்காசி அருகே மத்தளம்பாறையில் மென்பொருள் நிறுவனமான ஜோஹோ அமைத்த அலுவலகம், மென்பொருள் எழுதப் பெருநகரம் கட்டாயமில்லை என்பதை மெய்ப்பித்தது. சென்னை, பெங்களூர் சம்பளத்தில் பெரும்பகுதி அறை வாடகைக்கும் மெஸ்ஸுக்கும் பஸ்ஸுக்கும் போய்விடும். ஊரில் வாங்கும் குறைந்த சம்பளத்தில்கூடக் கையில் மிஞ்சும். அதுவும் உள்ளூர்க் கடையிலேயே செலவாகும். கல்யாணத்துக்குப் பிறகு வெளியூர் போய் வேலை பார்க்க வழியில்லாத படித்த பெண்களுக்கு இது வசதி மட்டுமல்ல, சொந்தச் சம்பாத்தியத்துக்கான ஒரே வழியாகவும் இருக்கக்கூடும்.

இனி குறைகள். முதலாவது, இழை நிற்கும் இடம். பாரத்நெட் வடிவமைப்பில் கேபிள் ஊராட்சி அலுவலகம் வரை வரும். அங்கிருந்து வீட்டுக்கும் கடைக்கும் இணைப்பு கொடுப்பது வேறொருவர் பொறுப்பு. அந்த 'வேறொருவர்' இல்லாத ஊரில் கருவி பெட்டிக்குள்ளேயே கிடக்கும். தொடக்கத்தில் ஒன்றியத்திலிருந்து ஊராட்சிகளுக்குப் பெரும்பாலும் நேர்க்கோட்டில்தான் இழை போனது. சாலையை அகலப்படுத்தும் ஜேசிபி ஒரே இடத்தில் கேபிளை அறுத்தாலும், அதற்கப்பால் உள்ள ஊர்களெல்லாம் இணைப்பை இழக்கும். வாரத்தில் இரண்டு நாள் லைன் போகும் ஊரில் எந்த நிறுவனமும் நாற்பது பேரை உட்கார வைக்காது. வேலைக்கு வேகத்தைவிட நம்பகம்தான் முக்கியம்.

இரண்டாவது குறை, பலன் யாருக்கு என்பது. நார்வேயில் பிராட்பேண்ட் பரவிய விதத்தை ஆராய்ந்து 2015-இல் வெளியான ஆய்வு, திறன் மிக்கவர்களுக்கு இணையம் கைகொடுத்ததையும், ஒரே மாதிரியான வேலையைத் திரும்பத் திரும்பச் செய்தவர்களின் இடத்தை அது பிடித்துக்கொண்டதையும் காட்டியது. ஆப்பிரிக்க முடிவுக்கு இது நேர் எதிர் அல்ல. ஊரில் என்ன தொழில் இருக்கிறது, மக்கள் என்ன படித்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே பலன் அமைகிறது என்று இரண்டையும் சேர்த்துப் படிக்கலாம். ஜோஹோ தென்காசிக்குப் போனபோது இணைப்பை மட்டும் நம்பிப் போகவில்லை. பட்டம் கேட்காமல் இளைஞர்களைச் சேர்த்துப் பயிற்சி தரும் பள்ளியையும் வேலை தரும் அலுவலகத்தையும் அங்கே அமைத்தது. இந்த இரண்டும் இல்லாத ஊரில் அதே இழை வந்தால் ரீல்ஸ்தான் வேகமாக ஓடும்.

மூன்றாவது, வரும் வேலையின் தரம். சிறு நகரங்களுக்கு பிபிஓக்களை இழுக்க மத்திய அரசு கொண்டுவந்த ஊக்குவிப்புத் திட்டம், 48,300 இருக்கைகளுக்கு, இருக்கைக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை உதவி அறிவித்தது. பெண்களை வேலைக்கு எடுத்தால் கூடுதல் ஊக்கத்தொகையும் இருந்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் தரவுப் பதிவும் தொலைபேசி அழைப்புகளுக்குப் பதில் சொல்வதும் செயற்கை நுண்ணறிவு முதலில் விழுங்கும் வேலைகள். நேற்றைய வேலையை கிராமத்துக்கு அனுப்பிவிட்டு நாளைய வேலையை நகரத்திலேயே வைத்துக்கொண்டால், அது வளர்ச்சி ஆகாது.

இணைப்பு வந்தால் மட்டும் போதாது என்பதற்கு, மதுரை மாவட்டம் மேலூரில் 2001-இல் தொடங்கிய இணையக் கடைகளின் அனுபவமும் நமக்கு இருக்கிறது. ஆர்வமுள்ள அதிகாரிகள் இருந்தவரை சான்றிதழ் விண்ணப்பங்கள் அந்தக் கடைகள் வழியாகப் போயின. அதிகாரிகள் மாற்றலாகிப் போனதும் அந்த ஆதரவு வற்றியது. பல கடைகள் மூடப்பட்டன. தனி மனிதர்களின் ஆர்வத்தில் நின்ற அமைப்பு அவர்களோடு போய்விட்டது.

திருத்திய பாரத்நெட்டில் சில பாடங்கள் ஏறியிருக்கின்றன. இழை வளைய வடிவில் போவதால் ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கம் வழியாக இணைப்பு வரும். பத்தாண்டுப் பராமரிப்புக்கும் பணம் ஒதுக்கியிருக்கிறார்கள். வீட்டு இணைப்பை உள்ளூர்த் தொழில்முனைவோரிடம் விடுவதும் சரியான முடிவே. ஏற்கெனவே தெருத்தெருவாகக் கேபிள் டிவி ஒயர் இழுத்தவருக்குத் தெரியாத வீடு இல்லை.

12,525 ஊராட்சிகளையும் இணைக்கப் புறப்பட்டிருக்கும் தமிழகம் இன்னும் ஒரு படி மேலே போக வேண்டும். ஒவ்வொரு ஒன்றியத்திலும் மாதத்தில் எத்தனை மணி நேரம் இணைப்பு அறுந்தது, எத்தனை வீடுகளும் தொழில்களும் காசு கொடுத்து இணைப்பு வாங்கின, இணையத்தை நம்பிய வேலைகளில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற மூன்று கணக்குகளையும் மக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும். ஐடிஐ, பாலிடெக்னிக் பயிற்சியும் சிறு அலுவலகங்களுக்கான கட்டடமும் இழை போகும் அதே வரைபடத்தில் இடம்பெற வேண்டும். கிராமத்துக்கு பிராட்பேண்ட் தேவையா என்ற விவாதம் முடிந்துவிட்டது, தேவைதான். ஆனால் இழை பதித்த நாளோடு கணக்கை முடித்துக்கொள்ளும் திட்டத்தை வேலைவாய்ப்புத் திட்டம் என்று அழைக்கக் கூடாது.