பதிவேடாக ஒரு நாட்குறிப்பு

புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளையின் பெயரை வாசகர்கள் பாடநூலில் கண்டிருப்பீர்கள். பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயிடம் துபாஷாக இருந்தவர் அவர். 1736 செப்டம்பர் 6ஆம் நாள் தொடங்கி ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் தமிழில் நாட்குறிப்பு எழுதினார். அந்நூலை வரலாற்றாசிரியர்கள் சான்றாகப் போற்றுகிறார்கள். மொழி ஆய்வாளர்கள் பதினெட்டாம் நூற்றாண்டுப் பேச்சுத் தமிழுக்காகப் படிக்கிறார்கள். நாம் இங்கே அதை ஒரு பதிவேடாக மட்டும் எடுத்துக்கொண்டு எடை போடுவோம். கணிப்பொறியில் நிரல் எழுதப் பழகும் மாணவர்கள் பலரும் கற்கத் தவறும் பாடம் ஒன்று அதில் இருக்கிறது.

பதிவேடு என்பது என்ன?

ஆங்கிலத்தில் 'லாக்' என்றால் மரக்கட்டை. முடிச்சுகள் இட்ட கயிற்றில் ஒரு கட்டையைக் கட்டிக் கடலில் எறிந்து, குறித்த நேரத்தில் எத்தனை முடிச்சுகள் கை வழியே ஓடின என்று எண்ணிப் பழைய மாலுமிகள் கப்பலின் வேகத்தை அறிந்தார்கள். அந்தக் கணக்கை எழுதிய புத்தகம் 'லாக் புத்தகம்' ஆயிற்று. இன்று கணிப்பொறி நிரல் ஓடும்போது, தான் செய்வதையும் தனக்கு நேர்வதையும் வரிவரியாக எழுதி வைப்பதற்கும் அதே பெயர்தான்.

இதன் தேவை என்ன? ஒரு மாணவர், மருத்துவமனைக்கு டோக்கன் வழங்கும் நிரல் ஒன்றை எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். தம் மேசையில் சோதிக்கும்போது கோளாறு வந்தால் திரையைப் பார்த்துத் திருத்திவிடலாம். மருத்துவமனையில் நள்ளிரவில் நிரல் நின்றுபோனால் அவர் அங்கே இருக்கமாட்டார். மறுநாள் அவர் கைக்குக் கிடைப்பது அந்த நிரல் எழுதி வைத்த பதிவேடு ஒன்றுதான். அதில் ஒன்றும் இல்லையென்றால் காரணத்தை ஊகிக்க வேண்டியதுதான்.

நாட்குறிப்பின் சிறப்புகள்

நல்ல பதிவின் முதல் இலக்கணம், ஒவ்வொரு வரியும் 'எப்போது, எங்கிருந்து, என்ன' என்ற மூன்றுக்கும் விடை சொல்வது. பிள்ளை இதில் தேர்ந்தவர். தமிழ் ஆண்டு, மாதம், தேதி, கிழமை ஆகியவற்றோடு ஐரோப்பியத் தேதியையும் குறிக்கிறார். தாம் கண்டதைக் கண்டதாகவும், பிறர் சொல்லக் கேட்டதைச் சொன்னவர் பெயரோடும் எழுதுகிறார். எந்தக் கப்பல் வந்தது, எத்தனை பீரங்கி மரியாதை முழங்கியது என்பவற்றைத் தவறாமல் எண்ணி வைக்கிறார். 'ஏதோ பிழை நேர்ந்தது' என்று ஒரே வரி எழுதிவிட்டுப் போகும் இன்றைய நிரல்களோடு ஒப்பிட்டால் பிள்ளையின் முறை எவ்வளவோ மேல்.

தேதியைப் பற்றி இன்னும் ஒரு சொல். 1746இல் பிரெஞ்சுக்காரரிடம் சென்னை பணிந்தது செப்டம்பர் 21 அன்று. ஆங்கிலேயர் ஏடுகளிலோ அதே நிகழ்ச்சி செப்டம்பர் 10 என்று இருக்கும். இரண்டும் சரியே! பிரெஞ்சுக்காரர் புதிய கிரிகோரியன் நாட்காட்டியைப் பின்பற்றினர். ஆங்கிலேயர் 1752 வரை பழைய ஜூலியன் நாட்காட்டியையே வைத்திருந்தனர். இடையே 11 நாள் வேறுபாடு. எந்த நாட்காட்டி என்று அறியாமல் இரண்டு ஏடுகளையும் அடுக்கினால் விளைவு முன்னதாகவும் காரணம் பின்னதாகவும் வந்துவிடும்.

இந்தச் சிக்கல் இன்றும் உண்டு. மாணவரின் கணிப்பொறி இந்திய நேரத்தில் ஓடும். நிரலைத் தாங்கும் தொலைதூரக் கணிப்பொறி பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் ஓடும். வேறுபாடு ஐந்தரை மணி. எல்லாச் சூழலிலும் உலகப் பொது நேரத்திலேயே பதிந்து, படிக்கும்போது மட்டும் உள்ளூர் நேரத்துக்கு மாற்றிக்கொள்வதே நல்ல வழக்கம்.

குறைகள்

இனிக் குறைகளுக்கு வருவோம். நாட்குறிப்பில் எல்லா வரியும் ஒரே தரம். 1748இல் ஆங்கிலேயத் தளபதி போஸ்கவன் புதுச்சேரியை முற்றுகையிட்ட செய்தியும், யாருக்கு யார் என்ன வெகுமதி கொடுத்தார் என்ற செய்தியும் ஒரே வரிசையில் ஓடுகின்றன. வேண்டியதைத் தேடுபவர் பக்கம் பக்கமாகப் புரட்டத்தான் வேண்டும். தமக்காக எழுதிய தனி மனிதரை இதற்காகக் குறை சொல்ல இயலாது. ஆனால் அந்த முறையை நிரலுக்குக் கொண்டுவந்தால் தொல்லைதான்.

இதற்குக் கணிப்பொறியாளர் கண்ட தீர்வு படிநிலைகள். 1980களில் எரிக் ஆல்மன் உருவாக்கிய 'சிஸ்லாக்' முறையில் எட்டுப் படிகள் உண்டு. 'அவசரம்' என்பதற்கு எண் 0. நுணுக்க விவரமாகிய 'டீபக்' என்பதற்கு எண் 7. பைத்தான் மொழியில் 2003 முதல் உள்ள பதிவு வசதி ஐந்து படிகளைத் தருகிறது. டீபக் 10, தகவல் 20, எச்சரிக்கை 30, பிழை 40, பேரிடர் 50. இங்கே எண் கூடினால் கடுமையும் கூடும். சிஸ்லாக்கில் இது தலைகீழ். 'எச்சரிக்கை முதல் எழுது' என்று எல்லை வைத்தால் அதற்குக் கீழ்ப்பட்டவை ஏட்டில் ஏறா. வேறு எதுவும் சொல்லாவிட்டால் பைத்தான் தானாக வைத்துக்கொள்ளும் எல்லையும் அதுவே. "தகவல் வரியை எழுதினேன், திரையில் வரவில்லையே" என்று திகைக்கும் மாணவர்களுக்கு இதுதான் விடை.

இரண்டு சூழல், இரண்டு ஏடு

பிள்ளையின் காலத்திலேயே புதுச்சேரியில் வேறொரு பதிவேடும் இருந்தது. அது பிரெஞ்சுக் கம்பெனியின் மேலவை நடவடிக்கைக் குறிப்பு. 1701 முதல் 1739 வரையுள்ள குறிப்புகள் பின்னாளில் அச்சிலும் வந்தன. தீர்மானம் என்ன என்பதே அதன் கவலை. பிள்ளையின் ஏட்டிலோ தீர்மானத்துக்கு முன் நடந்த பேச்சு, கோபம், பேரம், வதந்தி எல்லாம் உண்டு. இரண்டும் ஒரே ஊரின் ஏடுகள்தாம், நோக்கம்தான் வேறு.

நிரலுக்கும் இவ்விரண்டும் தேவை. உருவாக்கும் மேசையில் டீபக் படி முதல் எல்லாம் திரையில் ஓடட்டும். அங்கே பிள்ளையின் ஏடுதான் வேண்டும். மக்கள் பயன்படுத்தும் களத்தில் தகவல் அல்லது எச்சரிக்கை முதல் போதும். அங்கே மேலவையின் ஏடு வேண்டும். இல்லையேல் டோக்கன் நிரல் நோயாளி ஒவ்வொருவருக்கும் நூறு வரி எழுதி வட்டை நிரப்பிவிடும். வட்டு நிரம்பினால் நிரலே நின்றுபோகலாம். ஏடு ஓர் அளவை எட்டியதும் புதிய ஏடு தொடங்கி, மிகப் பழையதை நீக்கும் 'சுழற்சி' ஏற்பாடும் இதற்காகவே.

மாணவர்கள் இங்கே செய்யும் தவறு எது? சோதனைக்காக நிரலெங்கும் 'பிரிண்ட்' வரிகளைத் தூவுவார்கள். களத்துக்கு அனுப்பும் நாளில் அவற்றை ஒவ்வொன்றாக அழிப்பார்கள். கோளாறு வந்ததும் மீண்டும் எழுதுவார்கள். இப்படி அழித்து எழுதும்போதே புதுப் பிழைகள் நுழைகின்றன. நிரல் ஒன்றாகவே இருக்க வேண்டும். மாறுவது அமைப்பு மட்டுமே. எந்தப் படி, எந்த இடம் என்பதைச் சூழல் மாறியிலோ தனி அமைப்புக் கோப்பிலோ வையுங்கள். நிரல் தொடங்கும்போது அதைப் படித்துக்கொள்ளட்டும். களத்தில் ஐயம் எழுந்தால் அந்த ஒரு சொல்லை மாற்றிச் சிறிது நேரம் டீபக் படிக்கு இறங்கிப் பார்த்து, மீண்டும் ஏறிவிடலாம்.

மறைக்க வேண்டியவை

ஆளுநரின் மனைவியைப் பற்றியும், தம் பதவிக்குப் போட்டியிட்டவர்களைப் பற்றியும் பிள்ளை ஒளிவுமறைவின்றி எழுதினார். ஏடு தம் வீட்டில் இருக்கும் என்ற நம்பிக்கையே அந்தத் துணிவைத் தந்திருக்க வேண்டும். நிரலின் ஏடு அப்படிப்பட்டதன்று. பலர் கண்ணில் படும், பல இடத்துக்குப் போகும். 2018 மே மாதம் டுவிட்டர் நிறுவனம் தன் உள் பதிவேட்டில் கடவுச்சொற்கள் மறைக்கப்படாமல் பதிவாகிவிட்டன என்று கண்டு, 33 கோடிப் பயனாளரையும் கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளச் சொல்லிற்று. திருடன் யாரும் நுழையவில்லை. பதிவேடு எழுதிய கையே செய்த பிழை அது. நம் டோக்கன் நிரலில் நோயாளியின் தொலைபேசி எண்ணும் நோயின் பெயரும் எந்தப் படியிலும் ஏட்டில் ஏறக் கூடாது. டோக்கன் எண் போதும்.

2021 டிசம்பரில் இன்னொரு பாடம் கிடைத்தது. ஜாவா நிரல்களில் பரவலாகப் பயன்படும் 'லாக்4ஜே' என்ற பதிவுக் கருவி, தனக்கு எழுதத் தந்த சொற்களில் சிலவற்றைக் கட்டளையாக எடுத்துக்கொண்டது. வெளியாள் ஒரு சொற்றொடரை உள்ளீடாகத் தந்தே கணிப்பொறியைக் கைப்பற்ற முடிந்தது. கேட்டதை எழுதுவதே எழுத்தரின் வேலை. கேட்டதைச் செய்யப் புறப்பட்டால் கேடுதான்.

காத்தல்

பிள்ளை 1761 ஜனவரி 12இல் காலமானார். நான்கு நாள் கழித்துப் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. அவருடைய ஏடுகள் குடும்பத்தாரிடம் கிடந்தன. 1846இல் அர்மான் கலுவா மோன்பிரன் அவற்றைக் கண்டு படியெடுக்கச் செய்தார். ஏரியல் என்பவர் எடுத்த படி பாரிசின் தேசிய நூலகத்தைச் சேர்ந்தது. சென்னை அரசு 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியிட்டது. ஆயினும் இடையிடையே சில காலப் பகுதிகள் கிடைக்கவில்லை. அவற்றை இனி எவராலும் நிரப்ப முடியாது. படியெடுத்தது பிழைத்தது, படியெடுக்காமல் தொலைந்தது தொலைந்ததே.

ஆகவேதான் களத்தில் ஓடும் நிரலின் ஏடு, அது ஓடும் கணிப்பொறியிலேயே கிடக்கக் கூடாது. இயந்திரம் கெட்டால் அது ஏன் கெட்டது என்ற சான்றும் அதோடு போய்விடும். நம் நாட்டின் 'செர்ட்-இன்' அமைப்பு 2022 ஏப்ரல் 28இல் பிறப்பித்த ஆணை, நிறுவனங்கள் தம் பதிவுகளை 180 நாள் காக்க வேண்டும் என்கிறது. கடிகாரங்களைத் தேசியத் தகவல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு பொருத்தி வைக்கவும் சொல்கிறது.

முடிவாக, பதிவேடு என்ற வகையில் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்புக்கு நாம் தரும் மதிப்பெண் இதுவே: தேதிக்கும் சான்றுக்கும் முழு மதிப்பெண், தரம் பிரித்தலுக்கும் காப்புக்கும் மிகக் குறைவு. அவருக்கு அமைப்பை மாற்றும் வசதி இல்லை. தூவலும் தாளும் மட்டுமே இருந்தன. உங்களுக்கு அந்த வசதி உண்டு. அடுத்த நிரலைத் தொடங்குமுன் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதி வையுங்கள். இந்த ஏட்டை யார் படிப்பார்? எந்தப் படி வரை எழுத வேண்டும்? எங்கே, எத்தனை நாள் காக்க வேண்டும்? பிள்ளையைப் போல் ஒழுங்காக எழுதுங்கள். ஆனால் எல்லாவற்றையும் ஒரே ஏட்டில் எழுதாதீர்கள்.