தலைமைச் சுரப்பியும் அரைகுறைப் படமும்

நாளமில்லாச் சுரப்பிகளைப் பற்றிய பாடத்தில் பிட்யூட்டரியைத் ‘தலைமைச் சுரப்பி’ என்று படித்திருப்பீர்கள். அருகில் ஒரு படமும் இருந்திருக்கும். மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியிலிருந்து ஓர் அம்புக்குறி பிட்யூட்டரிக்கு இறங்கும். அங்கிருந்து இன்னோர் அம்புக்குறி சூலகத்துக்கோ விந்தகத்துக்கோ இறங்கும். மேலதிகாரி ஆணையிட, கீழுள்ளவர் பணிந்து நடக்கும் அலுவலகம் போன்றது இந்தப் படம். மனிதனுக்கு வரைந்த இதையே மீனுக்கும் ஒட்டிவிடுகிறோம். இது எந்த அளவுக்குச் சரி?

முற்றிலும் தவறு என்று சொல்வதற்கில்லை. கட்லா, ரோகு, மிர்கால் போன்ற பெருங்கெண்டைகள் வெள்ளம் பெருகும் ஆற்றில் முட்டையிடும். குளத்தில் வளர்த்தால் சினை பிடித்தாலும் முட்டையிடா. 1957 ஜூலை 10 அன்று ஒரிசாவின் அங்குல் என்னுமிடத்தில் ஹீராலால் சௌத்ரியும் அலிகுன்ஹியும், பிட்யூட்டரிச் சாற்றை ஊசி மூலம் செலுத்திப் பெருங்கெண்டைகளை முட்டையிட வைத்தனர். மீன் வளர்ப்போர் ஆற்றில் குஞ்சு பிடித்துவரும் நிலை மாற இதுவே வழி திறந்தது. சூலகம் பிட்யூட்டரியின் சொல் கேட்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆனால் ஒரு தொல்லை இருந்தது. ஒவ்வொரு முறையும் வேறு மீன்களைக் கொன்று பிட்யூட்டரியை எடுக்க வேண்டும். சாற்றின் வீரியமும் ஒரே அளவில் இராது. அப்படியானால், பிட்யூட்டரியைத் தூண்டும் மூளையின் ஹார்மோனைச் செயற்கையாகத் தயாரித்துச் செலுத்தினால் போதாதா? படத்தின்படி போதும். கெண்டை இனங்களிலோ, அதை மட்டும் செலுத்தியபோது பலன் குறைவாகவே கிட்டியது.

காரணம், படத்தில் இல்லாத ஓர் அம்புக்குறி. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் பீட்டரும் அவருடைய குழுவினரும் தங்கமீனின் மூளையில் ஒரு குறிப்பிட்ட பகுதியைச் சிதைத்துப் பார்த்தார்கள். மூளை தூண்ட மட்டுமே செய்வதாக இருந்தால், பிட்யூட்டரியின் சுரப்பு குறைந்திருக்க வேண்டும். மாறாக, அது பெருகியது. மீன் சினை முட்டைகளையும் வெளிவிட்டது! மூளை தூண்டுவதோடு தடுக்கவும் செய்கிறது என்பது தெளிவாயிற்று. தடுக்கும் பொருள் டோப்பமைன் என்று 1980களில் நிலைநாட்டப்பட்டது. பிரேக்கை அழுத்திக்கொண்டே வண்டியை முடுக்கினால் எப்படி ஓடும்? எனவே தூண்டும் ஹார்மோனுடன், டோப்பமைனின் செயலைத் தடுக்கும் டோம்பெரிடோனையும் சேர்த்துச் செலுத்தினார்கள். வாந்தியை நிறுத்த நாம் விழுங்கும் அதே மருந்துதான். இத்தகைய கலவை ஊசிகள் இன்று இந்தியக் குஞ்சுப் பொரிப்பகங்களிலும் பயன்படுகின்றன. இந்தத் தடை எல்லா மீன்களிலும் ஒரே வலிமையுடன் இல்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

இரண்டாவது குறை, மனிதப் படத்தை அப்படியே ஒட்டியது. நம் உடலில் மூளையின் ஹார்மோன்கள் சிறு இரத்தக் குழாய்கள் வழியே பிட்யூட்டரியை அடைகின்றன. எலும்பு மீன்களிலோ நரம்பிழைகளே நேராகப் பிட்யூட்டரிக்குள் நுழைகின்றன. நம்மிடம் சூலகத்தை இயக்கும் இரு பிட்யூட்டரி ஹார்மோன்களும் பெரும்பாலும் ஒரே உயிரணுவில் உண்டாகின்றன. மீன்களில் அவற்றுக்குத் தனித்தனி உயிரணுக்கள். அவற்றுள் ஒன்றை, முட்டைப்பைகளை வளர்ப்பதை, சுரக்கத் தூண்டுவது கோலிசிஸ்டோகைனின் என்று 2024இல் மெடாக்கா, வரிக்குதிரை மீன் ஆகியவற்றில் நடந்த ஆய்வுகள் காட்டின. இது, வயிறு நிறைந்தது என்று உணர்த்தும் ஹார்மோனாக நாம் அறிந்தது. உண்ட உணவுக்கும் இனப்பெருக்கத்துக்கும் உள்ள உறவு இங்கே புலப்படுகிறது.

மூன்றாவது குறை, கீழிருந்து மேலே செல்லும் செய்தி. சூலக ஹார்மோன்கள் மூளையையும் பிட்யூட்டரியையும் கட்டுப்படுத்துவதை உயர்வகுப்பு நூல்கள் ‘பின்னூட்டம்’ என்று ஓரிரு வரிகளில் சொல்லி நகர்ந்துவிடுகின்றன. தங்கமீனைப் பாருங்கள். முட்டைகள் சூலகத்திலிருந்து விடுபட்டதும் பெண் மீனின் உடலில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் பெருகி, மூளையை எட்டி, முட்டையிடும் நடத்தையைத் தூண்டுகிறது. அப்பொருள் நீரிலும் கலக்கிறது. ஆண் மீன் அதை முகர்ந்து பெண்ணைத் துரத்துகிறது. அதற்கும் முன்பே, பெண்ணின் சூலகத்திலிருந்து நீரில் கலக்கும் வேறொரு ஹார்மோன், ஆண் மீனின் பிட்யூட்டரியைத் தூண்டி விந்து நீரைப் பெருக்கிவிடுகிறது. ஒரு மீனின் சூலகம் இன்னொரு மீனின் மூளையோடு பேசுகிறது! இதில் தலைவர் யார், பணியாளர் யார்?

பாடநூலை எழுதியவர்களைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. எளிமை தேவைதான். ஆனால் எளிமைக்காக விட்டுவிட்ட தடை அம்புக்குறியைக் கண்டுகொண்ட பிறகே குளத்து மீனை முட்டையிடச் செய்யும் நம்பகமான ஊசி கிடைத்தது என்பதை மறக்கலாகாது. மாணவர்கள் அடுத்த முறை இப்படத்தை வரையும்போது, தடுக்கும் கோடு ஒன்று, கீழிருந்து மேலேறும் கோடு ஒன்று, நீரைக் கடந்து செல்லும் கோடு ஒன்று எனச் சேர்த்து வரைந்து பார்க்கட்டும். மதிப்பெண் கூடுகிறதோ இல்லையோ, மீன் சரியாகப் புரியும்.